பவனிக்கு ஒரு கார், பழுதுக்கு ஒரு காணி!

கற்றோர் நிறைந்தது நம் சமூகம் என்று நம்மை நாமே புகழ்ந்துகொள்வதில் நாம் குறைவைப்பதில்லை. காணி வாங்குவதென்றால் முப்பது வருடத்து உறுதிகளைத் தேடி எடுப்போம். எல்லையில் நிற்கும் பூவரச மரம் எவருடையது என்று ஊரையே சாட்சிக்கு அழைப்போம். மாடு வாங்கப் போகும் கமக்காரன் பல்லைப் பிடித்துப் பார்த்து, சுழி பார்த்து, நடக்கவிட்டுப் பார்த்து, ஏரில் பூட்டிப் பார்த்த பின்னரே மடியை அவிழ்ப்பான். இத்தனை விழிப்புள்ள சமூகம், பதினைந்து இருபது வயதான ஜேர்மன் சொகுசுக் கார் ஒன்றின் முன் நின்றதும், வாசலில் செருப்போடு சேர்த்து அறிவையும் கழற்றி வைத்துவிட்டு உள்ளே போவது எவ்வாறு? அதன் மூடியைத் திறந்து பாராமலே இலட்சங்களை எண்ணிக் கொடுப்பது எவ்வாறு?

விளம்பரப் பத்திகளைப் பாருங்கள். ஒரே உரிமையாளர் என்பார்கள். டாக்டர் பாவித்தது என்பார்கள். ஓட்டம் குறைவு, செலவு எதுவுமில்லை, வாங்கியவுடன் ஏறி ஓட வேண்டியதுதான் என்பார்கள். பென்ஸ், பீ.எம்.டபிள்யூ., அவுடி, ஜகுவார் என்று பெயர்கள் மின்னும். புதிய சிறிய ஜப்பானியக் காரின் விலைக்குள் பழைய பென்ஸ் கிடைக்கிறதென்றால் எவருக்குத்தான் ஆசை எழாது?

நாம் காருக்குப் பகைவரல்லோம். இரவு பன்னிரண்டு மணிக்கு வைத்தியசாலையிலிருந்து அழைப்பு வரும் டாக்டருக்குக் கார் வேண்டும். கொழும்புக்கும் கிளிநொச்சிக்கும் இடையே அலையும் சட்டத்தரணிக்கும், தம்புள்ளைச் சந்தை வரை போய்வரும் கமக்காரருக்கும் வேண்டும். நாம் சொல்வது ஒன்றே: பாவித்த சொகுசுக் காருக்கு விற்பவன் கேட்கும் தொகை அதன் விலையன்று, விலையின் முதற்பாகம். மிகுதியைக் கராச்சில் கட்ட வேண்டும். அந்த மிகுதி எவ்வளவாகும் என்று விற்பவனுக்குத் தெரியும்; தரகனுக்குத் தெரியும்; அதைப் பலமுறை தூக்கி இறக்கிய மெக்கானிக்குக்கும் தெரியும். வாங்குபவன் ஒருவனுக்கே தெரியாது. தெரிந்தவன் வாய்மூடி இருக்கலாம், தெரியாதவன் தன் தலைவிதியை நொந்துகொள்ளலாம் என்று நாட்டின் சட்டமும் ஏறக்குறைய இணங்கி நிற்கிறது. இந்த இணக்கத்தைத்தான் நாம் எதிர்க்கிறோம்.

ஜேர்மனியிலோ இங்கிலாந்திலோ வாழும் உறவினரைக் கேட்டுப் பாருங்கள். புதிதாக நாற்பதினாயிரம், ஐம்பதினாயிரம் யூரோவுக்கு விற்ற பென்ஸ் ஈ வகுப்புக் கார், பதினைந்து வருடம் கழிந்ததும் அங்கே சில ஆயிரம் யூரோவுக்குக் கிடைக்கும். அங்குள்ளோர் பொருளின் அருமை தெரியாமல் வீசிவிடவில்லை. இனி வரவிருக்கும் பழுதுச் செலவைச் சந்தை முன்கூட்டியே கழித்துவிட்டது. வீழ்ந்த விலையே அங்கு எச்சரிக்கைப் பலகையாக நிற்கிறது. அதை வாசித்த பின்னரும் வாங்குபவன் தெரிந்தே வாங்குகிறான்.

இந்நாட்டிலோ அந்தப் பலகையைப் பிடுங்கி எறிந்துவிட்டோம். 2020 மார்ச் மாதத்தில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டது. தனியார் கார்களுக்கு மீண்டும் கதவு திறந்தது 2025 பெப்ரவரி 1ஆம் திகதிதான். ஏறக்குறைய ஐந்து வருடம் புதிய கார் வராத நாட்டில், பழைய கார் வயது ஏற ஏற விலையும் ஏறும் விந்தையை நாம் கண்ணாரக் கண்டோம். கதவு திறந்த பின்னரும் வரிச்சுமை பெரிதாகையால் பழைய காரின் விலை மற்ற நாடுகளிற்போல் வீழ்ந்துவிடவில்லை. அங்கே கழிக்கப்பட்ட பழுதுச் செலவு இங்கே கழிக்கப்படவில்லை. ஆகவே நம்மவன் இரண்டு முறை செலுத்துகிறான்: நல்ல காருக்குரிய விலையை விற்பவனிடமும், கெட்ட காருக்குரிய செலவைக் கராச்சிலும்.

இன்னொன்றையும் மறவாதிருப்போம். கார் கிழடாகும், அதன் உதிரிப் பாகத்தின் விலை கிழடாவதில்லை. ஐம்பதினாயிரம் யூரோக் காருக்கெனச் செய்யப்பட்ட பாகம், அக்கார் ஐயாயிரம் யூரோவுக்கு வீழ்ந்த பின்னரும் ஐம்பதினாயிரம் யூரோக் காரின் பாகமாகவே விற்கப்படும். அதை நாம் வாங்குவதோ ரூபாவில். 2022 மார்ச்சில் ஏறத்தாழ 200 ரூபாவாக இருந்த அமெரிக்க டொலர் சில வாரங்களில் 300 ரூபாவைத் தாண்டிச் சென்றது. அந்த வருடத்தில் நம்மவர் சம்பளமோ வெங்காயத்தின் விலையோ டொலரோடு கைகோத்து ஏறியதா?

பொதுப்படப் பேசினால் "அது உங்கள் அச்சம்" என்று தரகன் சிரிப்பான். ஆகவே ஒரு காரையே எடுத்துக்கொள்வோம். டபிள்யூ 211 என்ற அடையாளத்தோடு 2002 முதல் 2009 வரை கட்டப்பட்ட பென்ஸ் ஈ வகுப்பு. அழகிய கார், நான்கு வட்ட விளக்குகளும் நீண்ட முகமுமாக இன்றும் எந்தத் திருமண மண்டப வாசலிலும் தலைநிமிர்ந்து நிற்கும். நெடுஞ்சாலையில் அதன் அமைதியைக் குறைகூற நமக்கு மனமில்லை. உள்ளே என்ன இருக்கிறது?

இக்காரின் விலை கூடிய வகைகளில் இரும்பு ஸ்பிறிங்குக்குப் பதிலாகக் காற்று அடைத்த றப்பர்ப் பைகள் காரைத் தாங்குகின்றன. புதிதாக இருக்கும்போது மேடு பள்ளம் தெரியாது. றப்பர் றப்பர்தானே, பத்துப் பன்னிரண்டு வருடத்தில் மடிப்புகளில் வெடிக்கும். நம் வெயிலும் வீதிக் குழியும் அதற்கு உதவியாகும். காற்று மெல்லக் கசியும். கசிந்த காற்றை ஈடுசெய்யக் கம்பிரசர் ஓயாது ஓடும். ஓடி ஓடி அதுவும் எரியும். ஒரு பையின் வெடிப்பைக் கவனியாது விட்டவன் இரண்டு பாகத்துக்குப் பணம் கட்டுவான். கம்பனியின் புதிய பாகம் ஒன்று, ஒரு சில்லுக்கு மட்டும், அமெரிக்காவில் ஆயிரம் டொலரை அண்டி விற்கப்படுவது. சில்லுகள் நான்கு. புதுப்பித்த பாகமும் வேறு கம்பனிகளின் பாகமும் மலிவாகக் கிடைக்குமென்பது உண்மை. அவை எத்தனை மழைக்காலம் தாங்கும் என்பது வாங்கும் இடத்தைப் பொறுத்தது.

பிறேக் இதனினும் பெரிய கதை. 2002 முதல் 2006 வரை கட்டப்பட்ட இந்த ஈ வகுப்புக் கார்களில் காலின் மிதியை மின்னணுக் கருவி அளந்து, பம்பியொன்று சில்லுகளுக்கு அழுத்தம் அனுப்பும் புதுமுறை ஒன்று புகுத்தப்பட்டது. 2004இல் இந்தப் பிறேக்குக்காகவே ஆறு இலட்சத்து எண்பதினாயிரம் கார்களைக் கம்பனி திருப்பி அழைத்தது. 2005இல் இதையும் வேறு மின்குறைகளையும் சேர்த்துப் பதின்மூன்று இலட்சம் கார்களைத் திருப்பி அழைத்தது. 2006இல் ஈ வகுப்புக் காரை மாற்றியமைத்தபோது அம்முறையையே கைவிட்டு வழக்கமான பிறேக்குக்குத் திரும்பியது. தந்தையே கைவிட்ட பிள்ளையை நம்மவர் விலை கொடுத்துத் தத்தெடுக்கின்றனர். அந்தப் பம்பிக் கருவி தன் வேலையைத் தானே எண்ணிக்கொள்ளும். எண்ணிக்கை நிறைந்ததும், அல்லது பம்பி சோர்ந்ததும், எச்சரிக்கை விளக்கு எரியும். புதிய கருவிக்கு அமெரிக்காவில் கூலியோடு இரண்டாயிரம் டொலருக்கு மேலாகும். இன்னொன்று, மெக்கானிக்குகள் காதிலும் விழவேண்டியது: இப் பிறேக்கை முறைப்படி செயலிழக்கச் செய்யாமல் பிறேக் கட்டைகளை மாற்றக் கை வைத்தால், கருவி தானாகவே அழுத்தம் கொடுத்து விரலை நசுக்கிவிடக் கூடும். சந்தியில் இருக்கும் நம் மெக்கானிக்கு இதை எந்த விற்பனைக்காரன் சொன்னான்?

எஞ்சினுக்கு வருவோம். 2004 முதல் பென்ஸ் கார்களில் வந்த எம் 272 என்ற ஆறு சிலிண்டர் எஞ்சினின் உள்ளே அதிர்வைத் தணிக்கச் சுழலும் தண்டு ஒன்றுண்டு. ஆரம்ப வருடங்களில் கட்டப்பட்டவற்றில் அத்தண்டின் பற்சில்லு வேண்டிய வலுவின்றி அமைந்ததால் காலத்துக்கு முன்பே பல் தேய்ந்தது. பல் தேய்ந்தால் ரைமிங் பிசகும். ஒரு கையில் அடங்கும் பாகம். ஆனால் அதை மாற்ற எஞ்சினையே காரிலிருந்து வெளியே தூக்க வேண்டும். அமெரிக்காவில் இதற்கு நான்காயிரம் டொலரும் அதற்கு மேலும் கேட்கப்பட்டது. கார் உரிமையாளர் நீதிமன்றம் வரை சென்று கம்பனியோடு வழக்காடினர். எந்த எஞ்சினில் இக்குறை இருக்கும் என்பதை எஞ்சின் இலக்கத்தைக் கொண்டே அறியலாம். நம் பதிவுப் புத்தகத்தில் அந்த இலக்கம் அச்சாகிக் கிடக்கிறது, வாசிப்பார் இல்லை.

கியர்பெட்டியில் ஊற்றிய எண்ணெய் அதன் ஆயுள் முழுவதற்கும் போதும் என்று முதலிற் சொன்ன கம்பனி, பிற்பாடு அதை மாற்றத்தான் வேண்டுமென்று திருத்திக்கொண்டது. முதற் சொல்லைக் கேட்டவன் காரைத்தான் இன்று நம்மவன் வாங்குகிறான். 2003 வரை கட்டப்பட்ட சில கார்களில் றேடியேற்றருக்குள் கசிவு ஏற்பட்டுக் குளிராக்கும் நீர் கியர்பெட்டி எண்ணெயோடு கலந்த கதையும் உண்டு. கலந்தால் கியர்பெட்டி போனதென்றே வைத்துக்கொள்ளலாம்.

"அப்படியானால் அதற்கு முந்திய பென்ஸ் வாங்குவோம், அது இரும்பு" என்பாரும் உளர். அவர் சொல்வதிற் பாதி உண்மை. ஆனால் 1990களின் முற்பாதியிற் கட்டிய டபிள்யூ 124, டபிள்யூ 140 கார்கள் பலவற்றில் மின்கம்பியின் உறை சூட்டில் நொறுங்கி அப்பளம்போல் உதிர்ந்தது. முழுக் கம்பிக் கோவையையும் மாற்றாமல் தப்ப வழியில்லை.

பென்ஸை மட்டும் நாம் பழிப்பதாக எவரும் கொள்ள வேண்டாம். பீ.எம்.டபிள்யூ. 520டி என்ற டீசல் காரை எடுங்கள். எரிபொருள் சிக்கனத்தில் அதை வெல்லும் சொகுசுக் கார் அரிது; நம்மவர் ஆசைக்கு அது ஒரு சமாதானம். 2007 முதல் வந்த அதன் என் 47 எஞ்சினில் ரைமிங் செயின் எஞ்சினின் முன்புறத்தில் இல்லை. பின்புறத்தில், கியர்பெட்டிப் பக்கத்தில் இருக்கிறது. முன்புறத்தில் இருந்தால் ஒரு நாள் வேலை. பின்புறத்தில் இருப்பதால் கியர்பெட்டியையோ எஞ்சினையோ இறக்கிய பின்னரே கை எட்டும். ஆரம்ப வருட எஞ்சின்களில் அச்செயின் நீண்டு, ஒலித்து, அறுந்து, எஞ்சினையே கொன்றதுண்டு. அது போதாதென்று, எரிந்த புகையின் ஒரு பகுதியை மீண்டும் எஞ்சினுக்கு அனுப்பும் அமைப்பின் குளிராக்கியில் கசிவு ஏற்பட்டுத் தீப்பிடிக்கும் குறையும் வெளிப்பட்டது. 2018இல் தென்கொரியாவில் ஓடிக்கொண்டிருந்த கார்கள் பல எரிந்தன. ஓர் இலட்சத்துக்கு மேற்பட்ட கார்கள் அங்கே திருப்பி அழைக்கப்பட்டன. சோதனை செய்யாத கார்கள் வீதிக்கு வரக்கூடாதென்று அந்நாட்டு அரசாங்கம் தடை விதித்தது. அதே வருடத்தில் உலகெங்கும் திருப்பி அழைத்த தொகை பதினாறு இலட்சமாயிற்று. இங்கு கைமாறும் காருக்கு அந்தத் திருத்தம் செய்யப்பட்டதா என்று கேட்டால், விற்பவன் காரின் கறுப்பு வர்ணத்தைப் பற்றிப் பேசத் தொடங்குவான்.

இவ்வளவும் தெரிந்த பின்னரும் நம்மவர் ஏன் ஏமாறுகின்றனர்? பேராசை என்று சொல்லித் தப்பிவிடலாம். அது முழு விடையாகாது. பழையது நின்றுபிடிக்கும் என்ற நம்பிக்கை நமக்குச் சும்மா வந்ததன்று. 1990இல் போர் மீண்டும் மூண்டு வடக்கின்மீது பொருளாதாரத் தடை இறங்கியபோது பெற்றோல் இல்லை, உதிரிப் பாகம் இல்லை. நாற்பது வருடத்துக்கு முந்திய ஒஸ்ரின் ஏ 40களும் மொறிஸ் மைனர்களும் கேம்பிறிட்ஜ்களும் சில துளி பெற்றோலிற் கிளம்பி மண்ணெண்ணெயில் ஓடின. நோயாளியைச் சுமந்தன, பிரசவத்துக்குச் சென்றன, பிரேதத்தையும் கொண்டு வந்தன. நம் மெக்கானிக்குகள் தகரத்தை வெட்டிப் பாகம் செய்தனர். பழைய ரியூப்பை வெட்டி வாசர் செய்தனர். அவர்களின் கைத்திறனை எந்த நாட்டுப் பொறியியற் கல்லூரியும் வணங்க வேண்டும். அந்நாட்களைக் கண்ட தந்தை, "பழைய கார்தான் தம்பி உறுதி" என்று மகனுக்குச் சொல்வதில் வியப்பில்லை.

ஆனால் ஏ 40 ஓடியது அது பழையதாக இருந்ததால் அன்று. அதைத் திருத்த முடிந்ததால். அதன் உள்ளே மறைவு எதுவும் இருக்கவில்லை. இன்றைய சொகுசுக் காரில் ஒரு பாகம் இன்னொரு பாகத்தோடு கணினி மொழியிற் பேசுகிறது. கழற்றிய கருவிக்குப் பதில் வேறொரு காரின் கருவியைப் பூட்டினால் பல வேளைகளிற் கார் அதை ஏற்க மறுக்கும். உரிய கணினிக் கருவி கொண்டு அறிமுகம் செய்துவைக்க வேண்டும். தகரம் வெட்டும் கத்தரி இங்கு உதவாது.

அண்மையில் எம்மிடம் ஆலோசனைக்கு வந்தவர் ஒரு கமக்காரர். வலிகாமத்தில் செம்மண் தோட்டம், வெங்காயமும் புகையிலையும். மகன் பொறியியலாளர், புதிதாக உத்தியோகம் ஏற்றவர். சம்பந்தப் பேச்சு நடந்துகொண்டிருந்த வேளை. மாப்பிள்ளை எதில் வந்து இறங்குகிறார் என்று ஊர் பார்க்குமல்லவா? ஆறு பரப்புக் காணியை ஈடு வைத்தார்கள், மிகுதிக்கு லீசிங். நாம் மேலே சொன்ன காற்றுப் பையும் புதுமுறைப் பிறேக்கும் உடைய அதே ஈ வகுப்புக் கார் வந்தது. நான்காம் மாதம் ஒரு காலையில் எழுந்து பார்த்தால், முற்றத்தில் நின்ற கார் முன்னங்கால் மடித்த மாடுபோல் படுத்துக் கிடக்கிறது. பை, பிறகு கம்பிரசர், பிறகு பிறேக் விளக்கு. கார் கொழும்பில் ஒரு கராச்சுக்குப் போயிற்று. பாகம் வரும் வரும் என்று ஏழு மாதம் அங்கேயே நின்றது. நின்ற ஏழு மாதமும் லீசிங் தவணை நிற்கவில்லை. விற்ற இடத்தில் போய்க் கேட்டால், "நாங்கள் தரும்போது ஓடியதுதானே" என்று கையொப்பமிட்ட கடதாசியை நீட்டினார்களாம். அதிற் பொடி எழுத்தில் ஒரு வரி: வாகனம் உள்ளது உள்ளபடி விற்கப்படுகிறது. அவர் எம்மைப் பார்த்துக் கேட்டது ஒன்றுதான்: "தம்பி, மாடெண்டால் நான் பல்லைப் பாத்திருப்பன். இதுக்குப் பல் எங்க இருக்கு?"

இதற்கும் பல் உண்டு. அதை எவரும் அவருக்குக் காட்டவில்லை என்பதுதான் அநியாயம்.

சட்டம் என்ன சொல்கிறது? நமது பொருள் விற்பனைக் கட்டளைச் சட்டம் 1896ஆம் வருடத்தது. 1893இல் இங்கிலாந்தில் இயற்றியதைப் பார்த்து இங்கே எழுதியது. வாங்குபவன் தானே விழித்திரு என்பதே அதன் அடிநாதம். விற்பவன் அத்தொழில் செய்பவனாயிருந்து, வாங்குபவன் தன் தேவையைத் தெரிவித்து, விற்பவனின் திறமையை நம்பி வாங்கினால் மட்டுமே பொருள் அத்தேவைக்குத் தகுதியாக இருக்க வேண்டுமென்ற நிபந்தனை பிறக்கும். குறித்த ஒரு பொருளை அதன் வர்த்தகப் பெயரைச் சொல்லிக் கேட்டால் அந்த நிபந்தனையும் இல்லை. "எனக்குப் பென்ஸ்தான் வேண்டும்" என்று சொன்ன வாயே வழக்கைக் கெடுக்கக் கூடும்! வாங்குபவன் பொருளைச் சோதித்திருந்தால், அச்சோதனையில் தெரிந்திருக்க வேண்டிய குறைகளுக்கு விற்பவன் பொறுப்பல்லன். இவற்றையெல்லாம் ஒப்பந்தத்தால் விலக்கி வைக்கவும் சட்டம் இடம் தருகிறது. அந்தப் பொடி எழுத்து வரியின் வேலை அதுவே. தரகன் வாயாற் கொடுத்த வாக்குறுதியைக் காட்டி எழுத்திலுள்ள ஒப்பந்தத்தை மாற்றலாமென்றால் 1895ஆம் வருடத்துச் சான்றுக் கட்டளைச் சட்டம் குறுக்கே நிற்கிறது. மோசடியை எண்பித்தால் வழியுண்டு. மோசடியை எண்பிப்பது எளிதா? மைலேஜ் மீற்றரைத் திருப்பியவன் சாட்சி வைத்துக்கொண்டா திருப்புவான்?

பாவனையாளர் அதிகார சபைச் சட்டம் 2003இல் வந்தது. மயக்கும் விதத்தில் வியாபாரம் செய்தலை அது தடுக்கிறது, நல்ல சட்டம்தான். ஆனால் உத்தரவாதத்துக்கு ஒவ்வாத பொருளைப் பற்றிய முறைப்பாட்டை மூன்று மாதத்துக்குள் செய்ய வேண்டுமென்கிறது. முற்றத்தில் கார் படுத்தது நான்காம் மாதத்தில். அன்றியும் அச்சட்டம் வியாபாரியைப் பிடிக்கும். தரகனின் பின்னே மறைந்து நின்று, தனியார் விற்பனை என்று பெயர் சூட்டிக்கொள்பவனைப் பிடிப்பது கடினம். கையொப்பமிட்ட உரிமை மாற்றப் படிவத்தில் வாங்குபவன் பெயரை வெறுமையாக விட்டு, ஓப்பின் பேப்பர் என்று நான்கு கை மாற்றும் வழக்கம் இந்நாட்டில் இருக்கும்வரை, விற்றவன் எவன் என்பதையே முதலில் ஒரு வழக்காடித்தான் அறிய வேண்டும்.

லீசிங் எடுத்தவர் நிலை இன்னும் இரங்கத்தக்கது. பதிவுப் புத்தகத்தில் அறுதி உரிமையாளர் கம்பனி. பழுதுக்கு உரிமையாளர் நம்மவன். கார் ஓடினாலும் ஓடாவிட்டாலும் தவணை ஓடும். தவணை தவறினால் ஓடாத காரையும் இழுத்துச் செல்வார்கள். ஏலத்தில் விற்றுப் போதாத தொகைக்கு வழக்கு வைப்பார்கள்.

இனி, மரியாதை என்று பேசுவோருக்கு ஒரு வார்த்தை. பென்ஸிற் போனால் கச்சேரியிலும் வங்கியிலும் கதவு திறக்குமென்கிறார்கள். 2025இல் சனாதிபதி செயலகம் தன்னிடமிருந்த சொகுசு வாகனங்களை ஏலத்தில் விற்றது. எரிபொருளும் பராமரிப்பும் அளவுக்கு மிஞ்சிய செலவென்று காரணம் சொல்லப்பட்டது. வரி விதிக்கும் அதிகாரமும் திறைசேரியும் உள்ள அரசாங்கத்துக்கே தாங்காத செலவு, ஆறு பரப்பு வெங்காயத் தோட்டத்துக்குத் தாங்குமா? டாக்டரும் பொறியியலாளரும் சட்டத்தரணியும் இவ்வகைக் காரில் இறங்குவதைப் பார்த்துத்தான் கமக்காரன் மகனும் ஆசைகொள்கிறான். நம் தொழில் வகுப்பார் இதைச் சிந்திக்க வேண்டும். நம்முடைய பவனியின் செலவை நம்மைப் பார்த்துப் பின்வருபவன் காணியால் கட்டுகிறான்.

வாங்கவே கூடாதென்று நாம் விதிக்கவில்லை. சேர்விஸ் ஏடுகள் ஒழுங்காக உள்ள கார்கள் உண்டு. மாதவருமானத்தில் பழுதுக்கென ஒரு தொகையை ஒதுக்கி வைக்கக் கூடியவர் வாங்கட்டும். ஆனால் பல்லைப் பார்த்து வாங்கட்டும். காரை ஓரிரவு நிறுத்திவைத்துக் காலையில் நான்கு மூலையின் உயரத்தையும் அளந்து பாருங்கள். எஞ்சின் குளிர்ந்திருக்கும்போது நீங்களே திருகிக் கிளப்புங்கள். முதல் சில விநாடிகளில் செயினின் ஓசை கேட்கும். விற்பவன் முன்கூட்டியே சூடாக்கி வைத்திருந்தால் வீட்டுக்குத் திரும்புங்கள். கணினிக் கருவி பூட்டி, பதிவாகிக் கிடக்கும் பிழைகளை அச்சிட்டு வாங்குங்கள்; அனைத்தும் அன்று காலையே அழிக்கப்பட்டிருந்தால் அதுவும் ஒரு சாட்சியம். எஞ்சின் இலக்கத்தையும் அடிச்சட்ட இலக்கத்தையும் முகவர் நிறுவனத்தில் கொடுத்து, திருப்பி அழைத்த திருத்தங்கள் செய்யப்பட்டனவா என்று எழுத்தில் கேளுங்கள்.

தனியொருவர் இவற்றைச் செய்வது கடினமென்பது நமக்குத் தெரியும். மூளாயில் ஒரு வைத்தியசாலையையே கூட்டுறவாகக் கட்டி நடத்திக் காட்டியவர்கள் நாம். ஒரு கணினிச் சோதனைக் கருவியையும், எவரிடமும் தரகு வாங்காத இரண்டு மெக்கானிக்குகளையும் மாவட்டத்துக்கு ஒன்றாக நம் கூட்டுறவுச் சங்கங்கள் வைத்திருப்பது ஆகாத காரியமா? லான்ட்மாஸ்டரும் உழவு இயந்திரமும் அங்கேயே சோதிக்கப்படலாம். கமக்காரர் ஆதரவு தானே வரும். பாராளுமன்றத்தில் நம் பெயரால் அமர்ந்திருப்போர், தீர்வை விலக்கு வாகன அனுமதிப்பத்திரங்களைப் பற்றிக் காட்டிய அக்கறையில் ஒரு பங்கை இங்கும் காட்டட்டும். பாவித்த வாகனத்தை விற்கும் வியாபாரி அதன் பழுதுகளையும் விபத்துகளையும் ஓட்டத்தையும் எழுத்தில் வெளியிட வேண்டும்; உள்ளது உள்ளபடி என்ற வரி அவ்வெளியீட்டை விலக்கக் கூடாது; முறைப்பாட்டுக் காலம் ஒரு வருடமாக வேண்டும். இந்த மூன்றையும் சட்டமாக்கும் பிரேரணையை அவர்களிடமிருந்து நாம் எதிர்பார்க்கிறோம்.

சட்டம் வரும்வரை காத்திருக்க வேண்டியதில்லை. பணம் கைமாறுமுன் ஒரு வெள்ளைக் கடதாசியில் இவ்வாறு எழுதி விற்பவனிடம் நீட்டுங்கள்: "இவ்வாகனத்தை நான் இன்னாரிடமிருந்து இன்ன வருடத்தில் வாங்கினேன். அதன் உண்மையான ஓட்டம் இது. எனக்குத் தெரிந்த பழுதுகளும் விபத்துகளும் இவை. வேறு எதுவும் எனக்குத் தெரியாது. காற்றுப் பை, பிறேக், எஞ்சின், கியர்பெட்டி என்பவற்றில் மாற்றிய பாகங்கள் இவை, பற்றுச்சீட்டுகள் இணைக்கப்பட்டுள்ளன. இக்கூற்று பொய்யாயின் விலையையும் செலவையும் திருப்பித் தருவேன்." கீழே பெயர், முகவரி, அடையாள அட்டை இலக்கம், இரண்டு சாட்சிகள். அச்சடித்த படிவத்திலும் கையொப்பம் கேட்டால், இந்தக் கடதாசியும் ஒப்பந்தத்தின் ஒரு பகுதி என்று அப்படிவத்திலேயே ஒரு வரி எழுதச் செய்யுங்கள். இல்லாவிடின் சான்றுக் கட்டளைச் சட்டம் இதையும் விழுங்க முயலும். ஒப்பமிட மறுத்தால் காரணத்தைக் கேளுங்கள். அவன் சொல்லும் காரணத்தையும் அதே கடதாசியில் திகதியிட்டு எழுதி வைத்துக்கொண்டு, பணத்தை மடியில் முடிந்துகொண்டு வீட்டுக்கு வாருங்கள்.